கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

பத்திரிகையில் நீண்டகாலம் இரவுப் பணி பார்த்தவனுக்கு ஓய்வு பெற்ற பின்னரும் நள்ளிரவுக்கு முன்னர் உறக்கம் வருவதில்லை. வெள்ளவத்தையிலுள்ள எமது வீட்டில் அந்நேரத்தில் விழித்திருக்கும் மற்றொரு ஜீவன் எனது மகள்வழிப் பேரன். பல்கலைக்கழக மாணவன். நான் வாசித்துக்கொண்டிருப்பேன், அவன் கணினியின் முன்னமர்ந்து 'டோட்டா 2' என்ற இணைய விளையாட்டில் மூழ்கியிருப்பான்.

சில மாதங்களுக்கு முன்னர் ஓரிரவு அவனது அறையிலிருந்து கடுமையான ஏச்சுக்கள் கேட்கவே எழுந்து சென்று பார்த்தேன். அவனது அணி தோற்றிருந்தது. "அம்மப்பா, நான் நல்லாத்தான் விளையாடுறன். என்னோட வந்து சேருற நாலு பேரும்தான் சரியில்லை. இப்பிடியான ஆக்களோட எப்பிடி மேல போறது?" என்றான். மூன்று வருடங்களாக விளையாடுகின்றானாம். தான் முன்னேறியிருப்பது தனக்கு நன்றாகத் தெரியுமாம். தரப்புள்ளி மாத்திரமே அதை ஏற்க மறுக்கின்றதாம். அவனுடன் ஒன்றாக விளையாடிவந்த பாடசாலை நண்பர்கள் இருவர் அவனது ஏச்சைத் தாங்கமாட்டாமல் விலகிவிட்டனர் என்பதையும் பின்னர் அறிந்துகொண்டேன்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அப்படிச் சொல்வதற்கு எனக்குத் தகுதி போதாது என்பது நினைவுக்கு வந்தது. அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன்.

விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அணிக்கு ஐவர். எதிரணியின் கோட்டையிலுள்ள பிரதான கட்டடத்தைத் தகர்ப்பவர்கள் வெற்றியாளர்கள். ஓர் ஆட்டம் பெரும்பாலும் 35, 40 நிமிடங்கள் நீடிக்கும். ஒருவர் செல்வம் சேர்த்துப் பலம் பெறுவார். இன்னொருவர் அவரைக் காத்து நிற்பார். வேறொருவர் எதிரியின் நடமாட்டத்தை அறியக் காவற்குறிகளை நாட்டுவார். தனியாக வந்து சேர்பவருக்குத் தோழர் நால்வரையும் கணினியே தெரிவு செய்து தருகின்றது. வென்றால் தரப்புள்ளி கூடும். தோற்றால் குறையும்.

இத்தகைய தரப்புள்ளி முறைகளின் மூலவர் ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியராக விளங்கிய ஆர்பட் ஈலோ. சதுரங்க வீரர்களுக்காக அவர் வகுத்த முறையை உலக சதுரங்கச் சம்மேளனம் 1970 இல் ஏற்றுக்கொண்டது. சதுரங்கத்தில் இருவர் மாத்திரமே மோதுகின்றனர். தோற்றவர் பழிபோடுவதற்கு அருகில் எவருமில்லை. அதே தத்துவத்தை ஐவர் அணிக்குப் பொருத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகின்றது. அணி வென்றதா தோற்றதா என்பதையே கணக்கு முதன்மையாகப் பார்க்கின்றது. உரிய இடத்தில் காவற்குறியை நாட்டியவர் யார், தோழனைத் தனியே விட்டு ஓடியவர் யார் என்பதை அது அறியாது.

அவ்வாறாயின் பேரனின் முறைப்பாடு நியாயமானதுதானே என்று வாசகர்கள் கேட்கலாம். ஓர் ஆட்டத்தைப் பொறுத்தவரை முற்றிலும் நியாயமானது. 2001 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பிரையன் லாரா இங்கு வந்து மூன்று டெஸ்ட் போட்டிகளில் 688 ஓட்டங்களைக் குவித்தார். கொழும்பில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் மாத்திரம் 221 மற்றும் 130. இருந்தும் மேற்கிந்தியத் தீவுகள் அணி மூன்று போட்டிகளிலும் தோற்றது. அணியின் பெறுபேற்றைக் கொண்டு அந்த மனிதரின் ஆட்டத்தை அளந்தால் அதைவிட அபத்தம் வேறில்லை.

ஆனால், லாராவுக்கு மூன்று போட்டிகள். என் பேரனுக்கோ ஆயிரக்கணக்கான ஆட்டங்கள். நாள்தோறும் மாறிமாறி வரும் தோழர்களில் ஒரு பகுதியினர் திறமையற்றவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அவனது அணியில் அத்தகையவர்கள் அமரக்கூடிய ஆசனங்கள் நான்கு. எதிரணியில் ஐந்து. அவன் தன் தரத்தை விஞ்சியவன் என்பது உண்மையானால் நீண்டகாலப் போக்கில் அந்த வித்தியாசம் அவனுக்கே சாதகமாக அமைய வேண்டும். தோழர்கள் மாறுகின்றனர், எதிரிகள் மாறுகின்றனர். எல்லா ஆட்டங்களிலும் மாறாது இருப்பவன் அவன் ஒருவனே.

வெற்றி விகிதத்தை முன்னேற்றத்தின் சான்றாகக் கொள்வதும் தவறு. சமபலமுள்ளவர்களை மோதவிடுவதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். நீங்கள் முன்னேறினால் அது மேலும் பலமான எதிரிகளைக் கொண்டுவந்து நிறுத்தும். ஆகவே கற்றுக்குட்டியும் தேர்ந்தவரும் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களிலேயே வெல்வார்கள். விதிவிலக்கு உச்சியில் உள்ள வெகுசிலர்தான்.

சரி, தரப்புள்ளி ஏறினால் முன்னேற்றம்தானே? அதிலும் அவசரம் கூடாது. நாணயமொன்றை 100 தடவை சுண்டினால் தொடர்ந்து ஐந்து தடவை ஒரே பக்கம் விழுவது ஏறத்தாழ நிச்சயம். ஐந்து ஆட்டங்களை அடுத்தடுத்து வென்றவன் தன்னை மேதை என்று எண்ணுகின்றான். ஐந்தைத் தோற்றவன் தோழர்களைச் சபிக்கின்றான். இருவருக்கும் நேர்ந்தது நாணயத்தின் கூத்தாகவே இருக்கலாம். நூற்றுக்கு 53 ஆட்டங்களை வெல்லும் ஆற்றல் உண்மையிலேயே ஒருவரிடம் இருப்பதாகக் கொள்வோம். அது 50 அல்ல, 53 தான் என்று ஓரளவு உறுதியாகக் கூறுவதற்குச் சுமார் 1,100 ஆட்டங்கள் வேண்டும். ஆட்டத்துக்கு 40 நிமிடங்கள் என்றால் 730 மணித்தியாலங்களுக்கு மேல். நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் விளையாடுபவருக்கு ஒரு வருடம். நேற்றைய இரவின் வெற்றி தோல்வியை வைத்து முன்னேற்றத்தைக் கணிப்பவர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும். விளையாட்டை நடத்துபவர்களுக்கும் இந்த ஐயம் தெரியும். டோட்டா 2 இல் 2023 ஆம் ஆண்டு முதல் கிளிக்கோ என்ற முறை பின்பற்றப்படுகின்றது. அது புள்ளியுடன், அந்தப் புள்ளியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்தே கணிக்கின்றது.

இனி, தன்னுணர்வை நம்பலாமா? அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குரூகர், டனிங் ஆகிய உளவியலாளர்கள் 1999 இல் வெளியிட்ட ஆய்வு பிரசித்தமானது. தேர்வுகளில் கடைசிக் கால்பகுதியில் இருந்தவர்கள் சராசரியாக நூற்றில் 12 பேரை மாத்திரமே விஞ்சியிருந்தனர். அவர்களோ தாம் 62 பேரை விஞ்சியிருப்பதாக நம்பினர். அதன் விளக்கம் குறித்துப் புள்ளிவிபரவியலாளர்களிடையே சர்ச்சை உண்டு. எனினும், செயலில் குறையுள்ளவரிடம் அக்குறையைக் காணும் கண்ணும் குறைவாகவே இருக்கும் என்பதை ஆசிரிய பீடத்தில் அமர்ந்தவர்கள் ஆய்வின்றியே அறிவர்.

இப்போது எனது கதை. எழுபதுகளின் பிற்பகுதியில் இளம் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில் நான் எழுதிய செய்திகள் பிழைகளுடன் வெளிவந்தன. பழியை அச்சுக்கோப்பாளர்கள் மீதும் ஒப்புநோக்குநர்கள் மீதும் சுமத்தினேன். வாய்த்தர்க்கங்களும் நிகழ்ந்தன. ஒருநாள் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னை அழைத்து, ஒரு வாரத்துக்குரிய எனது கையெழுத்துப் பிரதிகளையும் அச்சான பக்கங்களையும் மேசைமீது பரப்பி, "பிழை எங்கை பிறந்தது எண்டு நீரே பாரும்" என்று கூறிவிட்டுச் சென்றார். பாதிக்கு மேற்பட்ட பிழைகள் எனது கையெழுத்திலேயே இருந்தன. பெயர்கள் பிழை, தொகைகள் பிழை, எழுவாய் ஓரிடத்திலும் பயனிலை வேறிடத்திலுமான வாக்கியங்கள்.

அன்றிலிருந்து எனது பிரதிகளை ஒரு மாத காலம் வைத்திருந்து மீண்டும் வாசிப்பதை வழக்கமாக்கினேன். பத்திரிகையின் விற்பனை ஏறியதும் இறங்கியதும் எனக்கு எதையும் சொல்லவில்லை. அது பலரது உழைப்பு, காலத்தின் போக்கும் அதில் உண்டு. எனக்குச் சொன்னது வேறு. மாதத்துக்கு மாதம் எனது பழைய பிரதியில் நான் காணும் பிழைகள் அதிகரித்தன. முதலில் மனம் சோர்ந்தேன். எழுத்து மோசமடையவில்லை, அதைப் பார்க்கும் கண் கூர்மையடைகின்றது என்பது பிந்தித்தான் விளங்கிற்று.

முன்னேற்றத்தின் நம்பத்தகுந்த முதல் அறிகுறி அதுவே என்பது எனது கருத்து. ஆறு மாதங்களுக்கு முன்னர் சிறப்பாக ஆடியதாக நினைத்த ஆட்டம் இன்று உங்களை வெட்கப்பட வைத்தால் நீங்கள் முன்னேறியிருக்கின்றீர்கள். இன்றும் அது சிறப்பாகவே தோன்றினால் நின்ற இடத்திலேயே நிற்கின்றீர்கள்.

எமக்கிருந்த பிரதிகளை விடச் சிறந்த வசதி இன்றைய இளைஞர்களிடம் உண்டு. முடிந்த ஆட்டத்தை முழுமையாக மீண்டும் பார்க்கலாம். எதிரியின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். பேரனிடம் மூன்று விடயங்களைக் கூறினேன். முதலாவது, தோற்ற ஆட்டத்தை அன்றிரவே பார்க்காதே. உறங்கி எழுந்து மறுநாள் பார். இரண்டாவது, தோழர் நால்வரும் எப்படி ஆடினாலும் உன் கையில் தங்கியிருக்கும் ஒன்றை மாத்திரம் ஒரு மாதத்துக்கு எண்ணு. அவனே உதாரணம் காட்டினான். ஒவ்வொரு பாதையிலும் அரை நிமிடத்துக்கொரு முறை நான்கு சிறு படைவீரர்கள் வருவார்களாம். இறுதி அடியைக் கொடுப்பவருக்கே பொன் கிடைக்குமாம். ஆகவே முதல் பத்து நிமிடங்களில் வரும் ஏறத்தாழ 80 பேரில் தன்னால் எத்தனை பேரை வீழ்த்த முடிகின்றது என்று எண்ணலாம் என்றான். மூன்றாவது, ஒவ்வொரு முறை நீ கொல்லப்படும்போதும் காரணத்தை ஒரு வரியில் எழுது. அந்த வரியில் தோழர்களின் பெயர் வரக்கூடாது.

இவ்வெண்களும் ஏமாற்றக்கூடியவை என்பதை மறுக்கவில்லை. தோழனைக் காக்கத் தன்னைப் பலிகொடுத்தவனின் சாவும் கணக்கில் சாவாகவே பதிவாகும். எண்ணை மாத்திரம் அழகுபடுத்த முனைபவன் அணியைக் கெடுத்துவிடுவான். அதனால்தான் எண்ணுடன் காரணத்தையும் எழுதச் சொன்னேன்.

இரு மாதங்கள் கடந்துவிட்டன. தரப்புள்ளி ஏறவில்லை. உண்மையில் சற்று இறங்கியே உள்ளது. ஆனால் கடந்த வாரம் ஓரிரவு என்னை அழைத்துப் பழைய ஆட்டமொன்றைத் திரையில் நிறுத்திக் காட்டினான். "இதிலை பாருங்கோ அம்மப்பா. எதிரி ரெண்டு பேரைக் காணேல்லை. வரைபடத்தைப் பார்த்திருந்தா நான் இதுக்குள்ள போயிருக்க மாட்டன். அண்டைக்கு இவனைத்தான் ஏசினனான்" என்றான். 'இவன்' விலகிப்போன நண்பர்களில் ஒருவன்.

அவனுக்கு இதைச் சொன்னாயா என்று கேட்டேன். பதில் வரவில்லை. மறுநாளிரவு அந்த அறையிலிருந்து இருவர் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. வென்றார்களா தோற்றார்களா என்று நான் விசாரிக்கவில்லை.