யாருக்கு ஆரோக்கியமான கேக்?

டிசம்பர் பிறந்துவிட்டால் எனது புறநோயாளர் அறையில் ஒரே கேள்வி பல குரல்களில் ஒலிக்கத் தொடங்கும். "டாக்டர், பண்டிகைக்கு ஒரு துண்டு கேக் சாப்பிடலாமா?" கேட்பவர்கள் கிறிஸ்தவர்கள் மட்டுமல்லர். 1515-ஆம் ஆண்டு போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயம் உள்ள பழவேற்காட்டிலும், ஏரியைச் சூழ்ந்த குப்பங்களிலும், இங்கே மீஞ்சூரிலும், கிறிஸ்துமஸ் கேக் தெருவைக் கடந்து எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்கிறது. தீபாவளிப் பலகாரமும் ரம்ஜான் பிரியாணியும் போகும் அதே வழியில்தான் இதுவும் போகிறது. ஆகையால் "கேக்கைத் தொடவே கூடாது" என்று சொல்லும் மருத்துவரின் பேச்சை எவரும் கேட்கப் போவதில்லை. நானும் அவ்வாறு சொல்வதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது எனக்குள்ள கவலை வேறு. அண்மைக் காலமாகக் கேள்வியே மாறிவிட்டது. "டாக்டர், இது ஆரோக்கியமான கேக். மைதா இல்லை, சர்க்கரை இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்தானே?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன், சாப்பிடப் போகிறவர் யார் என்று நான் கேட்டாக வேண்டும்.

அப்படிக் கேட்கத் தவறியதன் விளைவை ஒரு ஜனவரியில் பார்த்தேன். அறுபதைக் கடந்த மீனவர் ஒருவர். நீண்ட காலச் சர்க்கரை நோயாளி. பின்னர் சிறுநீரகம் செயலிழந்து வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொண்டவர். கால்களில் வலுவில்லை என்று தோளில் தாங்கி அழைத்து வந்தார்கள். இ.சி.ஜி.யைப் பார்த்ததுமே பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருப்பது தெரிந்தது. உடனடி சிகிச்சையும் டயாலிசிஸும் அவரைக் காப்பாற்றின. பண்டிகை நாளென்று ஒரு முறை டயாலிசிஸைத் தவறவிட்டிருந்தார் என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தை அவருடைய மகள் அழுதுகொண்டே சொன்னார். "மைதா போடல, வெள்ளச் சர்க்கரை போடல. பேரீச்சம்பழம், பாதாம், கேழ்வரகு, வெல்லம், வாழைப்பழம்னு எல்லாம் அப்பாவுக்கு நல்லதா பாத்துத்தானே செஞ்சேன் டாக்டர்!"

அந்தப் பெண்ணின் மீது எந்தத் தவறும் இல்லை. அவருடைய வீட்டுச் சமையலறைச் சுவரில் ஓர் உணவுக் குறிப்புத் தாள் ஒட்டப்பட்டிருந்தது. முழுத் தானியம், பருப்பு, கொட்டை வகைகள், கீரை ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுமாறு அது சொன்னது. சர்க்கரை நோய்க்காக, சிறுநீரகம் நன்றாக இருந்த காலத்தில், அதைக் கொடுத்தவன் நான்தான். நோய் மாறிய பின் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்றை ஒட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் பேரீச்சம்பழத்தில் ஏறத்தாழ 650 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. அதே அளவு உலர்திராட்சையில் 750, பாதாமில் 700. ஒரு கேக்கில் 200 கிராம் பேரீச்சை, 100 கிராம் திராட்சை, 100 கிராம் பாதாம் சேர்த்தால், இவை மூன்றிலிருந்து மட்டும் 2,700 மில்லிகிராமுக்கு மேல் சேர்கிறது. டயாலிசிஸ் நோயாளி ஒருவருக்கு ஒரு முழு நாளைக்கு நாங்கள் பொதுவாக அனுமதிப்பது 2,000 முதல் 2,500 வரைதான். வாழைப்பழமும் வெல்லமும் கேழ்வரகும் இந்தக் கணக்கில் இன்னும் வரவில்லை. இவருக்கு மைதா கேக்கே மேலானதாக இருந்திருக்கும். மருத்துவர் ஒருவர் மைதாவுக்குப் பரிந்து எழுதுவது வேடிக்கைதான். எனினும் தவிடு நீக்கிய மாவில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் குறைவு என்பது உண்மை.

சிறுநீரகம் நன்றாக உள்ள சர்க்கரை நோயாளிக்கு இந்தப் பொட்டாசியக் கணக்கு தேவையில்லை. அவர் ஏமாறும் இடம் வேறு. வெல்லமும் கருப்பட்டியும் தேனும் இரத்தத்தில் சர்க்கரையாகவே போய்ச் சேரும். உலர்திராட்சையின் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரைதான். "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்று அட்டையில் அச்சிட்ட கேக்கில் பழத்தின் சர்க்கரையும் மாவின் மாச்சத்தும் அப்படியே இருக்கின்றன. கடைகளில் விற்கும் 'சுகர் ஃப்ரீ' கேக்குகள் சிலவற்றில் மால்டிட்டால் என்னும் இனிப்பூட்டி இருக்கும். அதுவும் இரத்தச் சர்க்கரையை ஓரளவு உயர்த்தும். மிகுதியாக உண்டால் வயிற்றுப்போக்கும் உண்டாகும். எனது அனுபவத்தில், சாதாரணக் கேக்கை ஒரு துண்டோடு நிறுத்துபவர் இத்தகைய கேக்கை நான்கு துண்டு உண்கிறார். அட்டையிலுள்ள சொல் அவருக்குத் துணிவைக் கொடுத்துவிடுகிறது.

தலைச்சேரியில் 1883-ஆம் ஆண்டு மம்பள்ளி பாபு என்பவர், தோட்ட உரிமையாளரான ஆங்கிலேயர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய பிளம் கேக்கைப் பார்த்து, அயல்நாட்டு பிராந்திக்குப் பதிலாக உள்ளூர் மதுவையும் கதலிப்பழத்தையும் சேர்த்துத் தாமே ஒரு கேக் செய்தார் என்று சொல்லிவருவர். நம் நாட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கின் கதை, கிடைத்ததைக் கொண்டு மாற்றிச் செய்ததில்தான் தொடங்குகிறது. நோயாளிக்காக நாமும் மாற்றிச் செய்வதில் மரபுக்குக் குறைவொன்றும் வந்துவிடாது.

எங்கள் வீட்டில் நானே செய்துபார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 125 கிராம் மைதா, 60 கிராம் சர்க்கரை, 40 மில்லி கடலை எண்ணெய், நான்கு முட்டைகளின் வெள்ளைக்கரு, தோல் சீவித் துருவிய ஆப்பிள் ஒன்று, பாலில்லாத தேயிலைச் சாறு கால் டம்ளர். பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், சுக்கு ஆகியவற்றின் பொடியைத் தாராளமாகச் சேர்க்கலாம். ஆரஞ்சுத் தோலின் மேற்பகுதியைச் சிறிது துருவிப் போட்டால் கேக்கின் மணம் தெரு முனைவரை வரும். வெள்ளைக்கருவை நன்கு நுரைக்க அடித்துக் கடைசியில் மெதுவாகக் கலந்தால் பேக்கிங் பவுடர் இல்லாமலே மாவு எழும்பும். அந்தப் பவுடரில் உள்ள பாஸ்பேட் சிறுநீரக நோயாளிக்கு ஆகாது. ஆப்பச் சோடாவிலோ உப்பின் சோடியம் மிகுதி. ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்குக் குறையாது. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுப்புப் பெட்டி இல்லாத வீடுகளே நம் பகுதியில் மிகுதி. கனமான பாத்திரத்தில் மணலைப் பரப்பி, மூடிவைத்துச் சூடாக்கி, அதனுள் கேக் தட்டை வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் விட்டால் போதும். ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கிவிடலாம்.

இதைப் பத்துத் துண்டாக்கினால் ஒரு துண்டில் மாச்சத்து 17 கிராம் அளவிலும் பொட்டாசியம் 50 மில்லிகிராம் அளவிலும் இருக்கும். பேரீச்சையும் முந்திரியும் போட்ட கேக்கின் செழிப்பு இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரை நோயாளியான அம்மாவும், டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவும், நோயொன்றும் இல்லாத பேரப்பிள்ளைகளும் ஒரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நோயாளிக்கென்று தனியாக ஒரு கேக்கை மூலையில் வைப்பதை நான் விரும்புவதில்லை. பண்டிகை நாளில் அவரை வீட்டாரிடமிருந்து பிரித்து உட்காரவைப்பது போன்றது அது.

வேறு சிலருக்கு ஓரிரு சொற்கள். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயாளிகள் மைதாவையும் ரவையையும் தொடலாகாது. அவர்களுக்கு அரிசி மாவும் தினை மாவும் உதவும். பேக்கரியில் வாங்குவோர் வனஸ்பதியில் செய்ததா என்று தயங்காமல் கேளுங்கள். எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2022 ஜனவரி முதல் நாட்டில் நடைமுறையில் உள்ள விதி. ரம்மில் ஊறிய பழங்களைக் கல்லீரல் நோயாளிகளும், மெட்ரோனிடசோல் மாத்திரை எடுப்பவர்களும், மதுவை விட்டொழித்தவர்களும் தவிர்க்க வேண்டும். கேக்கைச் சுட்டாலும் மது முழுவதும் ஆவியாகிவிடுவதில்லை.

நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்வோரிடம் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. மாலையில் இன்சுலினோ மாத்திரையோ எடுத்துவிட்டு, "வந்து கேக் சாப்பிடலாம்" என்று இரவு உணவைத் தள்ளிப்போடுவது ஆபத்து. வியர்வை, நடுக்கம், படபடப்பு தோன்றினால் சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று கொள்ளுங்கள். அந்த நேரத்தில் கேக் உதவாது. அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். வோக்லிபோஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு அதுவும் போதாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். ஒரு சிறு பொட்டலத்தைச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். கேக்கை மறுநாள் மதிய உணவோடு, சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துக்கொண்டு, உண்ணலாம். குழம்பு மீனும் காயும் உடனிருந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். இரண்டு மணி நேரம் கழித்து விரலில் சோதித்துப் பார்த்தால் உங்கள் உடலுக்கு எத்தனை துண்டு ஏற்றது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

இம்மாதம் பரிசோதனைக்கு வரும்போது வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கும் உணவுக் குறிப்புத் தாளையும் கையோடு எடுத்து வாருங்கள். அதில் எந்த ஆண்டுத் தேதி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகள் டிசம்பர் 25-ஆம் நாளுக்கு முன்னும் பின்னும் தங்களுக்குரிய முறை எந்தெந்த நாள் என்பதைச் செவிலியரிடம் இப்போதே எழுதி வாங்கிச் செல்லுங்கள்.