முதல் அழைப்பு யாருக்கு?

வாய் கோணி, ஒரு கை துவண்டு, பேச்சுக் குழறினால் புறா இரத்தம் தேடி ஓடுவது நம் திருச்சுழி, அருப்புக்கோட்டைச் சிற்றூர்களில் பழகிய வழக்கம். மூளையின் இரத்தக்குழாய் அடைபட்டதா, வெடித்துக் கசிந்ததா என்பதைக் கைதேர்ந்த மருத்துவரும் வெளித்தோற்றங்கொண்டு உறுதி கூற இயலாது. அடைப்பைக் கரைக்கும் மருந்தோ, கசிவுள்ளவருக்கு நஞ்சாகும். 1971-இல் இலண்டனில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்பட்ட சி.டி. ஸ்கேன், இரத்தக்கசிவு உண்டா என்பதைச் சில நிமிடங்களில் காட்டிவிடுகிறது. கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். மதுரைக்குச் செல்லும் நேரமும் அதனுள் அடக்கம்.

ஆகவே வாயில் எதுவும் கொடாதீர்கள். அவர் கடைசியாக நலமாயிருந்த மணியைக் குறித்துக்கொண்டு, 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு விரையுங்கள். நோயிற்பூசுதலுக்கு என்னை அழைப்பது அதன் பின்னரே. நான் மருத்துவமனைக்கே வந்துவிடுகிறேன்.