அத்தைக்கு வந்தது அல்சர்

இதை எழுதலாமா வேணாமான்னு ரொம்ப நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். போன வாரம் ஒரு கல்யாணத்துல நண்பன் ஒருத்தன் என்னை ஓரமா இழுத்துட்டுப் போய், "அப்பாவுக்கு ரிப்போர்ட் வந்துடுச்சுடா, கேன்சராம். அவர்கிட்ட மட்டும் உளறிடாதே"ன்னு காதுல ஓதினான். அவங்கப்பா பத்தடி தள்ளி பந்தியில உக்காந்து பாயசத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கிட்டிருந்தார். எனக்குச் சாப்பாடு இறங்கலை. அன்னிக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், எழுதியே ஆகணும்னு.

எங்க அத்தை (அப்பாவோட அக்கா) கும்பகோணம் பக்கத்துல ஒரு கிராமம். பால்வாடி டீச்சரா இருந்து ரிடையர் ஆனவங்க. 2022ல அவங்களுக்கு 74 வயசு. சாப்பாடு தங்கலை, ஆள் இளைச்சுக்கிட்டே போறாங்கன்னு எண்டோஸ்கோப்பி பண்ணினா இரைப்பையில புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவியாச்சு. ஆஸ்பத்திரி எதிர்ல டீக்கடையில நின்னுக்கிட்டு அத்தானும் அப்பாவும் நானும் பத்தே நிமிஷத்துல எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டோம். கீமோ கொடுக்கணும், அத்தைக்குத் தெரியக் கூடாது. போய்ச் சொன்னது யாரு? நான்தான். "அல்சர் அத்தை, ஆறு தடவை மருந்து ஏத்தினா சரியாப் போயிடும்." கூசாம சொன்னேன்.

டாக்டரும் சும்மா இல்லை. அத்தை எதிர்ல உக்காந்திருக்க, அவங்க தலைக்கு மேல எங்ககிட்ட இங்கிலீஷ்ல பேசினார். மாடு வாங்கப் போனாக்கூட மாட்டைத் தட்டிப் பார்த்துட்டுத்தான் பேசுவாங்க.

அவங்களுக்கு ஏத்தின மருந்துல ஒண்ணு ஆக்ஸாலிபிளாட்டின். அது உடம்புல ஏறினா கொஞ்ச நாளைக்குக் குளிர்ச்சி ஆகாது, ஜில்லுன்னு எதைத் தொட்டாலும் விரல்ல ஷாக் அடிக்கும். இதை நோயாளிகிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கணும். ஆனா அல்சர் மருந்துக்கு ஏன் இப்படின்னு அத்தை கேட்டா என்ன பதில் சொல்றது? அதனால யாரும் சொல்லலை. காலைல தொட்டித் தண்ணியில கையை விட்டவங்க சொம்பைப் போட்டுட்டு அலறினாங்க. பக்கவாதம்னு நினைச்சு அன்னிக்கு முழுக்க அழுதாங்க. எங்களோட அன்பு அந்த லட்சணத்துல இருந்துச்சு.

ரெண்டாவது தடவைக்கு அப்புறம் வலி. மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க. "அதைக் கொடுத்தா சீக்கிரம் போய்ச் சேர்ந்துடுவாங்க"ன்னு எவரோ சொல்ல, அத்தான் அதை பீரோவுல ஒளிச்சு வெச்சுட்டார். சரியான அளவுல, டாக்டர் மேற்பார்வையில கொடுத்தா மார்ஃபின் ஆளைக் கொல்லாது. நம்ம நாட்டுலதான் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்துல சட்டப்படியே அபினிச் செடி பயிர் பண்றாங்க. மார்ஃபின் வர்றதும் அந்த அபினியில இருந்துதான். 1985 போதைப்பொருள் சட்டம் இந்த மருந்து ஆஸ்பத்திரிக்கு வர்றதையே பெரும்பாடு ஆக்கியிருந்துச்சு. 2014ல திருத்தி வழி விட்டாங்க. கவர்மெண்ட் திறந்த கதவை நாங்க பீரோவுல பூட்டினோம்.

மூணாவது தடவை மருந்து ஏறிக்கிட்டிருக்கும்போது அத்தை என் கையைப் பிடிச்சாங்க. "ஏன்டா, முப்பது வருஷம் புள்ளைங்களுக்கு அ ஆ சொல்லிக் கொடுத்தவடா நான். வாசல்ல இருக்குற போர்டை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதா எனக்கு?"

எனக்கு நாக்கு எழும்பலை. "நீங்கள்லாம் கஷ்டப்படுவீங்கன்னுதான் தெரியாத மாதிரி இருந்தேன்"னாங்க. அப்புறம், புருஷன் விட்டுட்டுப் போன சின்ன மகளுக்கு வீட்டை எழுதி வைக்கணும், ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போறியான்னு கேட்டாங்க. அடுத்த வாரம் போலாம் அத்தைன்னேன். அந்த அடுத்த வாரம் வரலை. வெள்ளையணு குறைஞ்சு காய்ச்சல், ஐசியூ, தொண்டையில குழாய், ஒம்போது நாள். உயில் இல்லாததால சட்டப்படி வீடு மூணு பிள்ளைங்களுக்கும் சமபங்கு. இப்ப அத்தானும் சின்னவளும் கோர்ட்டுல நிக்குறாங்க.

நிற்க. வயசானவங்களுக்குக் கீமோவே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. அது இன்னொரு அயோக்கியத்தனம். எங்க தெருவுல 79 வயசுப் பாட்டிக்கு மார்புல கட்டி. "இந்த வயசுக்கு மேல என்னத்துக்கு"ன்னு பிள்ளைங்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகலை. அந்த வயசுல வர்ற மார்பகப் புற்றுநோய் நிறைய பேருக்கு ஹார்மோன் மாத்திரைக்கே அடங்கும். தினம் ஒரு மாத்திரை! கட்டி உடைஞ்சு நாத்தம் எடுத்தப்புறம்தான் ஓடினாங்க. எங்க வீட்டுல எல்லாம் செஞ்சோம், அங்க எதுவுமே செய்யலை. ரெண்டு வீட்டுலயும் சம்பந்தப்பட்ட ஆளை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

வயசுங்கறது ரேஷன் கார்டுல இருக்குற நம்பர். தானா நடக்க முடியுதா, விழுந்திருக்காங்களா, என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க, ஞாபகம் எப்படி, வீட்டுல யார் பார்த்துக்குவாங்க, இதையெல்லாம் பார்த்து மருந்தோட அளவை முடிவு பண்ண வழி இருக்கு. 2021ல லான்செட்ல வந்த ஆய்வு, 70 வயசு தாண்டின 718 பேர். இப்படி அளந்த விவரத்தை டாக்டர் கையில கொடுத்தப்ப, கடுமையான பக்க விளைவு 71 சதவீதத்துல இருந்து 51 ஆச்சு. அதுக்காக ஆயுசு ஒண்ணும் குறைஞ்சுடலை. வலி நிவாரண சிகிச்சைன்னா கைவிட்டாச்சுன்னு அர்த்தம்னு நினைக்கறவங்களுக்கு இன்னொண்ணு. 2010ல அமெரிக்காவுல, பரவின நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேர்ல பாதிப் பேருக்கு ஆரம்பத்துல இருந்தே அதையும் சேர்த்துக் கொடுத்தாங்க. அவங்க நடுமட்டமா 11.6 மாசம் இருந்தாங்க, மத்தவங்க 8.9 மாசம்.

"சொன்னா மனசு உடைஞ்சு போயிடுவாங்க"ம்பீங்க. உடைஞ்சா கூட உக்காருங்க. அதுக்குத்தானே பிள்ளைங்க? பாதிப் பேரு மறைக்கறது அவங்களுக்காக இல்லை, அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாம. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். சிலர் நிஜமாவே "எனக்கு எதுவும் தெரிய வேணாம், நீங்களே பாத்துக்குங்க"ம்பாங்க. சொல்லட்டும். ஆனா அதைச் சொல்ல வேண்டியது அவங்க.

கடைசியில என்ன வேணும், என்ன வேணாம்னு முன்கூட்டியே எழுதி வைக்க 2018ல சுப்ரீம் கோர்ட் வழி பண்ணிச்சு. அப்ப மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேணும்னாங்க. அத்தை போன மறு வருஷம், 2023 ஜனவரியில, ரெண்டு சாட்சியோட நோட்டரி இல்லன்னா கெசட்டட் ஆபீசர் போதும்னு மாத்திட்டாங்க. வீடு வாங்க எத்தனை தடவை நோட்டரிகிட்ட போறோம்?

இதையெல்லாம் நண்பன்கிட்ட போன்ல சொன்னேன். "உன் அத்தை கதையை எங்க வீட்டுக்குக் கொண்டு வராதே"ன்னு வெச்சுட்டான். மூணு நாளா போன் எடுக்கலை. நேத்து வீட்டு நம்பருக்குப் போட்டேன், அவங்கப்பா எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை வாயேன்ப்பா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்"னார்.

போறேன்.