மயக்க மருந்துச் செவிலியரும் உடலியங்கியலும்

மயக்க மருந்துப் பணிக்குத் துணைநிற்கும் செவிலியர்க்கு உடலியங்கியல் எவ்வளவு வேண்டும் என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நம் நாட்டில் மயக்கம் அளிக்கும் பொறுப்பு மருத்துவருடையது. ஆதலின் கருவிகளைக் கையாளவும் அளவுகளைக் குறித்துவைக்கவும் அறிந்தால் செவிலியர்க்குப் போதும் என்பர் ஒரு சாரார். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

பெங்களூருக்கும் ஓசூருக்கும் இடையே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியுள்ள அத்திபெலேயில் 2023 அக்டோபர் 7ஆம் நாள் பட்டாசுக் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. மாண்டவருட் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர். இத்தகைய விபத்துகளில் உயிர் தப்பியோர்க்குச் சிகிச்சை செய்யுங்கால் உடலியங்கியல் அறிவின் பயன் நன்கு புலனாகும்.

புகையில் கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக அதனைப் பற்றிக்கொள்ளும். விரலில் மாட்டும் சாதாரண அளவிக்கு இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் இல்லை. அது 98 விழுக்காடு காட்டும்போதே நோயாளியின் மூளை பிராணவாயுவின்றித் தவிக்கலாம். எண்ணை மட்டும் நம்புவோர் முகமூடியை அகற்றிவிடுவர். காரணம் அறிந்தோர் அகற்றார்.

தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மற்றோர் எடுத்துக்காட்டாகும். கடுமையான தீப்புண் உற்ற முதல் நாளில் பெரும்பாலும் தீங்கு செய்யாத இம்மருந்து, ஓரிரு நாட்கள் கடந்தபின் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். நரம்பும் தசையும் கூடுமிடத்தில் செறிந்திருக்கவேண்டிய ஏற்பிகள் தசை முழுவதும் பரவிவிடுதலே காரணம். மருந்து பட்டதும் அவை ஒருங்கே திறக்க, பொட்டாசியம் இரத்தத்தில் பெருகிவிடுகிறது. இந்நிலை பல மாதங்கள் நீடிக்கலாம். மருந்தை ஊசிக்குழலில் நிரப்பும் செவிலியர் இதனை அறிந்திருப்பின், தக்க தருணத்தில் மருத்துவரை எச்சரிக்க இயலும்.

அமெரிக்காவில் ஆலிஸ் மாகா என்னும் செவிலியர், 14,000க்கும் மேற்பட்டோர்க்கு மயக்கம் அளித்ததில் அதன் காரணமாக ஒருவரும் இறக்கவில்லை என 1906இல் எழுதினார். அந்நாட்டில் 2022 முதல் இப்பயிற்சியில் புதிதாகச் சேர்வோர் முனைவர் நிலைப் பட்டத்திற்கே படிக்க வேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது.

செவிலியர் மிகுதியாகக் கற்பின் மருத்துவரின் அதிகாரத்தில் தலையிடுவர் என்று அஞ்சுவாரும் உளர். முடிவு செய்யும் உரிமை மருத்துவரிடமே இருக்கட்டும். அம்முடிவுக்குத் துணைசெய்யும் கண்கள் அறிவுடையனவாக இருத்தல் வேண்டும். தேர்வுகளில் 'எவ்வளவு' என்னும் வினாவோடு 'ஏன்' என்னும் வினாவும் இடம்பெறுக. அதற்கான விடையைத் தாய்மொழியில் விளக்கும் நூல்களும் பெருகுக. விளங்கிக் கற்ற பாடமே ஆபத்து வேளையில் கைகொடுக்கும்.