பாட்டிகளின் இடுப்பில் தொழில் வளர்ச்சி

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். மேடைதோறும் நாம் பெருமையாகச் சொல்லும் கணக்கு இது. அவர்கள் ஷிப்ட்டுக்குக் கிளம்பிய பிறகு கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் பாட்டிதான்.

திருப்பூரிலோ ஒரகடத்திலோ லைன் வீடுகள் உள்ள ஒரு தெருவில் காலையில் நடந்து பாருங்கள். கம்பெனி வேன்கள் போயிருக்கும். வாசற்படியில் இடுப்பில் பிள்ளையும் கையில் கிண்ணமுமாக, காக்கா காட்டி இட்லி ஊட்டிக்கொண்டிருப்பார்கள் அறுபது வயதுப் பெண்கள். மகளுக்குப் பேறுகாலம் பார்க்க வந்து, திரும்ப முடியாமல் தங்கிவிட்டவர்கள் அவர்களில் பலர். ஊரில் தாத்தா மாட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்டு தனியாகப் பொங்கித் தின்கிறார். ஒருவருக்கொருவர் துணை தேவைப்படும் வயதில் இப்படிப் பிரிந்து கிடப்பதை நாம் பொருட்படுத்துவதே இல்லை.

பேரப்பிள்ளை சுமை என்று சொல்ல வரவில்லை. அந்த உறவின் அருமை ஆய்விலும் தெரிகிறது. தான்சானியாவில் கிழங்கு தோண்டியும் வேட்டையாடியும் வாழும் ஹாட்சா மக்களை ஆராய்ந்தவர் மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸ். தாய் புதுக் குழந்தையோடு இருக்கும் காலத்தில், பால் மறந்த மூத்த பிள்ளையின் வளர்ச்சி பாட்டியின் உழைப்பைச் சார்ந்திருப்பதை அவருடைய குழு கண்டது. நம் உச்ச நீதிமன்றமும் 2022இல், கொரோனாவில் பெற்றோரை இழந்த சிறுவனைத் தந்தைவழித் தாத்தா பாட்டியிடமே ஒப்படைத்தது. தாயின் சகோதரிக்கு வயது குறைவு, வருமானம் உண்டு என்பது மட்டும் போதாது என்றது.

ஆனால், அன்பினால் செய்வது என்பதாலேயே அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது பேறுகாலப் பலன் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம். சிறிய பனியன் கம்பெனிகளை அது தொடவில்லை. காப்பகம் இருந்தாலும், விடிவதற்குள் வரும் வேனில் தூங்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தாய் ஏறுவாள்? காப்பகம் வீட்டருகில் இருக்க வேண்டும். வீட்டருகில் இருக்கும் அங்கன்வாடியோ ஷிப்ட் முடிவதற்குள் மூடிவிடுகிறது. ஆகவே, அம்மாவோ மாமியாரோ கைகொடுத்தால் வேலை, இல்லையென்றால் ராஜினாமா. ஒரு பெண்ணின் சம்பாத்தியம் பாட்டியின் மூட்டுவலியைப் பொறுத்து நிற்பது நியாயமா?

ஸ்வீடனில் 2024 ஜூலையிலிருந்து, பெற்றோர் தங்களுக்குரிய ஊதியத்தோடு கூடிய விடுப்பில் ஒரு பகுதியைத் தாத்தா பாட்டிக்கு மாற்றித் தரலாம். நமக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது; நம் பாட்டிகளில் பெரும்பாலோர் விடுப்பு என்பதே இல்லாத வேலைகளில் இருந்தவர்கள். தவிர, இன்று தையல் மெஷினில் குனிந்திருக்கும் பெண்தான் நாளைய பாட்டி. அவரும் வேலையில்தான் இருப்பார். அப்போது யாரை அழைப்போம்?

தொழில் நகரங்களிலாவது அங்கன்வாடிகள் இரவு ஏழு மணிவரை திறந்திருக்கட்டும். ஒரு வயதுப் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளட்டும். இப்போதுள்ள பணியாளர்மீதே அந்தச் சுமையை ஏற்றாமல் தனி ஆள் போட வேண்டும். பிள்ளையை விட வரும் பாட்டிக்கு அங்கேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்களை அனுப்பலாம். எந்தத் தெருக்களில் தொடங்குவது என்று தனியாக ஆராய வேண்டியதில்லை. வேன்கள் நிற்கும் இடங்களின் பட்டியல் கம்பெனிகளிடமே இருக்கிறது.