காலிப் பணியிடம் விழுங்கும் ஆய்வு இடங்கள்



பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடப்பதால் வகுப்புகள் மட்டுமா பாதிக்கப்படுகின்றன? பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் முனைவர் பட்ட நெறியாளராக இருக்கலாம். ஓய்வுபெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது. ஆக, ஒரு பேராசிரியர் இடம் நிரப்பப்படாவிட்டால் எட்டுப் பிள்ளைகளின் ஆய்வுக் கதவு அடைபடுகிறது. இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான (ஜேஆர்எஃப்) தேர்வில் வென்று, மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர்கள்கூட நெறியாளர் கிடைக்காமல் துறை துறையாக அலைவது கொடுமை. அந்தத் தகுதிக்கும் காலக்கெடு உண்டே!

யார் எப்போது ஓய்வுபெறுவார் என்பது நிர்வாகத்துக்கு முன்பே தெரியும். அவர் விடைபெறும் முன்பே விளம்பரம் வெளியிட்டு, நிரந்தர நியமனத்தை முடிக்க உயர்கல்வித் துறை ஆவன செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், திருநெல்வேலி