நம்ம படத்துக்குக் கீழே யார் எழுதுறது?

கொஞ்சம் நீளமான பதிவுதான். ஆலயத்தின் இணையப்பக்கத்தையும் முகநூலையும் பார்த்துக்கொள்ளும் தொண்டூழியர்கள் கட்டாயம் படிங்க.

தைப்பூசம் முடிந்த மறுநாளே பல ஆலயப் பக்கங்களில் நூற்றுக்கணக்கில் படங்கள் ஏறிவிடும். கீழே ஒன்றும் இருக்காது, இல்லைன்னா இயந்திரம் போட்ட ஏதோ ஒரு வரி இருக்கும். கேட்டால், "படமே பேசும் லா, கீழே யார் படிக்கிறா?" என்று பதில் வரும். இந்தப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை.

அந்த வரி எங்கிருந்து வருதுன்னு முதலில் தெரிஞ்சுக்கணும். கேமரா, படக்கோப்புக்கு உள்ளேயே சில விவரங்களை எழுதி வைக்கும். வேர்ட்பிரஸ் அதை எடுத்துத் தானாகவே படவிளக்கக் கட்டத்தில் போட்டுவிடும். அதனால்தான் உலகமெங்கும் எத்தனையோ படங்களுக்குக் கீழே 'ஒலிம்பஸ் டிஜிட்டல் கேமரா' என்று கிடக்கிறது. சாமி படத்துக்குக் கீழே கேமரா பெயரா? முகநூலோ 2016 முதல், பார்வையற்றோருக்காக மாற்று உரையைத் தானே எழுதுகிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் 'இத்தனை பேர், வெளிப்புறம்' என்கிற பாணியிலான வரியில் நேர்த்திக்கடன் எங்கே இருக்கு? திரைவாசிப்பான் வைத்துக் கேட்கும் நம் பக்தருக்கு அது பால்குடமா, அலகு காவடியா என்று எப்படித் தெரியும்?

இது சின்ன விஷயம் இல்லைங்க. வெள்ளைக்காரன் காலத்துச் சிங்கப்பூர், பினாங்கு அஞ்சலட்டைகளைப் பாருங்க. நம் பாட்டிமார் படத்துக்குக் கீழே 'கிளிங் பெண்' என்று அச்சடித்திருப்பான். பெயர் இல்லை, ஊர் இல்லை. இன்று அந்தச் சொல்லை யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருது. அன்றைக்கு எழுதும் உரிமை நம் கையில் இல்லை. இன்றைக்கு இருக்கு. அதைத் தூக்கி இயந்திரத்திடம் கொடுத்துட்டு, பிறகு யாரைக் கோபிக்கிறது?

"நேரம் இல்லை" என்பவர்களுக்கு ஒரு பதில். எல்லாப் படத்துக்கும் எழுதச் சொல்லவில்லை. முந்நூறு படம் போடும் இடத்தில் முப்பது போடுங்க, முப்பதுக்கும் எழுதுங்க.

எங்கள் கோரிக்கை இதுதான்:

1. கேமரா விவரம் தானாக வந்து விழுவதை நிறுத்துங்கள். வேர்ட்பிரஸ்ஸில் ஒரு சின்ன நிரல்துண்டு போதும். முகநூலில் மாற்று உரையை நாமே திருத்தலாம்.

2. படவிளக்கத்தில் என்ன சடங்கு, எந்த ஆலயம், எந்த ஆண்டு என்ற மூன்றும் தமிழில் இருக்கட்டும். மலாயோ ஆங்கிலமோ அடுத்த வரியில் வரட்டும்.

3. மாற்று உரையில் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்: 'மஞ்சள் சேலை கட்டிய மூதாட்டி, தலையில் பால்குடத்தோடு பத்துமலையின் 272 படிகளில் ஏறுகிறார்.'

4. பெயர் போடும் முன் அவரிடம் கேளுங்கள். பிள்ளைகள் படம் என்றால் பெற்றோரைக் கேளுங்கள். இயந்திரம் கேட்காது, நாமதான் கேட்கணும்.

செயலவையில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்க. பங்குனி உத்திரப் படங்கள் ஏறும்போது கீழே எழுத ஆள் வேணும்னா சொல்லுங்க, நாங்க வந்து உட்கார்ந்து எழுதித் தர்றோம்.